தட்டிக்குப் பின்னால் கேட்ட சம்மதம்

கோரைத் தட்டியில் தண்ணீர் தெளித்ததும் எழும்புகிற ஈர வாசனையோடு ஸ்பிரிட்டின் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறினால், எனக்கு இன்றும் பன்னிரண்டு வயதாகிவிடும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் இருந்த மருத்துவரை ஊர் ‘தட்டி டாக்டர்’ என்றுதான் சொல்லும். தொண்ணூறுகளின் நடுவில், மற்ற டாக்டர்கள் பத்துப் பேர் பார்க்க நாக்கை நீட்டச் சொல்லி, பத்துப் பேர் கேட்க ‘வயித்தால போகுதா’ என்று விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் மட்டும் ஒற்றை அறையின் நடுவே கோரைத் தட்டி கட்டி ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவார். வெளியே வானொலிப்பெட்டி சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கும். மனிதருக்குச் சினிமாப் பாட்டுப் பைத்தியம் என்று கேலி பேசினோம். உள்ளே பேசுவது வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

எனக்கு வலிப்பு இருந்தது. வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ‘அது’ என்பார்கள். பத்து வயதில் ஒரு காலை, அம்மா சடை பின்னிக்கொண்டிருக்கும்போதே விழுந்தேனாம். அன்றிலிருந்து தட்டி டாக்டரின் மாத்திரை. வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, வெளியே டாக்டர், இவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நான் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருந்தேன். காலை வழிபாட்டில் ஒரு பெண் விழுந்தாள். யாரோ ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மறுநாள் அவள் பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. தள்ளிப் போய் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அரைப்பரீட்சைக்குள் அவள் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வருஷம்தான் அக்காவுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு வங்கி வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவர் அக்காவிடம் என்ன படித்தாய், என்ன பிடிக்கும் என்று மரியாதையாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அதன்பிறகு ஒரு வாரம் அக்கா பாத்திரம் தேய்க்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாம்பூலம் மாற்ற நாளும் குறித்தாயிற்று. அதற்குள் மருந்துக்கடையில் யாரோ மாத்திரைப் பட்டையைப் பார்த்து, ‘அந்த வீட்டுல ஒரு பிள்ளைக்கு வலிப்பு’ என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் ஓதிவிட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளையின் தாய்மாமா சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். “மூத்தவளுக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க டாக்டர், போதும். நாங்க சொன்னா நம்பமாட்டாங்க” என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

“பிள்ளைய மொதல்ல பாத்திருதேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றார் டாக்டர்.

அப்பா தட்டியைத் தாண்டிப் போனதும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பெரிய மனுஷியிடம் பேசுவதுபோலத்தான் பேசினார். “எம்மா, அக்காவுக்கு இல்லன்னு நான் சொன்னா, அப்போ உனக்குத்தான்னு அவங்க எடுத்துக்கிடுவாங்க. நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிரும். உன் சீக்கு உன் விஷயம். உன்னக் கேக்காம நான் சொல்லக் கூடாது. சொல்லட்டுமா? அவசரமில்ல, பைய யோசி.”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அக்காவை நினைக்கவில்லை. அந்தக் காலிப் பெஞ்சைத்தான் நினைத்தேன். “வேண்டாம்” என்றேன்.

“சரிம்மா” என்றார், அவ்வளவுதான். அப்பாவை உள்ளே கூப்பிட்டு, “என்கிட்ட வாரவங்களப் பத்தி நான் நல்லதும் சொல்லுறதில்ல, கெட்டதும் சொல்லுறதில்ல. தப்பா நெனைக்காதீங்க” என்றார். மறுநாள் தாய்மாமாவிடமும் அதையே சொன்னார். டாக்டர் வாயைத் திறக்காததே போதும் என்று அவர் எழுந்து போனார். ஜாதகத்தை இன்னொரு முறை பார்த்ததில் பொருத்தம் சரியில்லை என்று அந்த வாரமே கார்டு வந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

அதன்பின் அப்பா என்னை வேறு டாக்டரிடம் காட்டினார். கல்யாண வீடு, கடைவீதி, எங்கே போனாலும் தட்டி டாக்டரை ஏசினார். பிழைப்புக்கு வந்த இடத்தில் பிடிவாதம் என்றார், ஒரு குமருவின் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்றார். எங்கள் தெருவில் பாதிப்பேர் அவரிடம் போவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருநாள் நாங்கள் போன டவுன் பஸ்ஸில் அவரும் ஏறிவிட்டார். அப்பா அத்தனை பேர் முன்னிலையிலும் எழுந்து நின்று, “ஒரு வார்த்தை! சொல்லியிருந்தா உமக்கு என்னவே கொறைஞ்சு போயிருக்கும்?” என்று கத்தினார். டாக்டர் கம்பியைப் பிடித்தபடி, “நீங்க கோவப்படுறது ஞாயந்தான்” என்றார். அப்பாவின் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்பாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். ‘உம்ம இளைய மகளைக் கேளும்’ என்று அவர் சொல்லியிருந்தால் அவர் பேர் அந்த நிமிஷமே தப்பியிருக்கும்.

நாலு வருஷம் கழித்து அக்காவை ராதாபுரத்தில் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனிதர்தான். ஆனாலும் தாலி கட்டும்போது அக்கா யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள்போல உட்கார்ந்திருந்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எனக்கு ‘அது’ பதினாறு வயதோடு நின்றது. என் கல்யாணத்துக்கு முன்னால், என்னைக் கட்டப்போகிறவரிடம் நானே சொல்லிவிட்டேன். டாக்டரும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டு நடக்கிற காரியமா அது என்று டாக்டர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. கேட்டாரே என்று நினைக்கும்போது அந்தக் கோபம் தங்குவதுமில்லை. அவர் வைத்தியம் பார்த்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பெரிய ஆஸ்பத்திரிகளில் பேரையும் நோயையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு நமக்கு முன்னால் சொந்தக்காரர்களின் போனுக்குப் போய்விடுகிறது. ‘சொல்லட்டுமா’ என்று ஒருவரும் கேட்பதில்லை.

போன மாதம் ராதாபுரம் போயிருந்தபோது, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. “நீ சின்னப்பிள்ள. பயந்திருப்ப, அத விடு” என்றாள். கையிலிருந்த கொத்தை ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“பஸ்ஸுல வச்சு அப்பா அந்த மனுஷன அம்புட்டுப் பேச்சுப் பேசுனாங்கன்னியே, அன்னைக்குக்கூடவா நீ வாயத் தொறக்கல?”

தொறக்கல, அக்கா.