நூற்று நாற்பத்தைந்தாவது கண்ணி

“மேற்படி செவிலியர் பணியில் அலட்சியப் போக்குடையவர் என்றும், எண்ணிக்கையில் அக்கறையற்றவர் என்றும் முதல்நோக்கில் தெரியவருவதால், விசாரணை முடியும் வரை அறுவை அரங்கப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார்.”

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கையெழுத்திட்ட இந்தக் குறிப்பாணையை வாங்கியதும், அந்த அக்கறையற்ற செவிலியர் முதலில் செய்த காரியம் அதில் எத்தனை பக்கம் என்று எண்ணியதுதான். இரண்டு பக்கம் இருந்தது. ‘இணைப்பு: ஒன்று’ என்று கீழே போட்டிருந்தது, இணைப்பைக் காணவில்லை. மாடிப்படி ஏறி அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், தன் மீதான குற்றச்சாட்டின் விடுபட்ட பகுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்பினார்.

அவர் குடியிருந்த அடுக்குமாடியில் அவருக்கு ‘ரெண்டுதரம்’ என்று பெயர். காலையில் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, நாலு படி இறங்கி, மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பார். எதிர்வீட்டுக்காரர் அந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்டுத்தான் சவரம் செய்யத் தொடங்குவார். அடுப்பை இரண்டுதரம் அணைப்பார். பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, இது அந்தப் பேருந்துதானா என்று நடத்துநரிடம் ஒருதரம், பக்கத்தில் இருப்பவரிடம் ஒருதரம் கேட்பார். இருபத்திரண்டு வருடமாக ஒரே பேருந்து.

இப்படிப்பட்டவர் மீது அலட்சியக் குற்றச்சாட்டு வந்த கதை சுருக்கமானது. ஒரு வயிற்று அறுவைக்கு இருபது காஸ் துணிகள் எடுத்து வைத்து, சுவர்ப்பலகையில் இருபது என்று எழுதினார்கள். ரத்தம் ஒற்றும் துணிகள் அவை. ஒன்று உள்ளே தங்கிவிட்டால் ஆள் பிழைப்பது சந்தேகம். ஆகவே வயிற்றைத் தைத்து மூடும் முன் எண்ணியாக வேண்டும். கத்தி எடுத்துக் கொடுக்கும் செவிலியர் சத்தமாக எண் சொல்லுவார். இன்னொரு செவிலியர் தானும் எண்ணிச் சரிபார்த்துப் பலகையில் அதன் பக்கத்தில் எழுதுவார். அன்று கத்தி எடுத்துக் கொடுத்த ரெண்டுதரம் “இருபது” என்றார். எல்லாரும் பெரியக்கா என்று அழைக்கும் மூத்த செவிலியர் “இருபது” என்றார். மருத்துவர் தைத்து மூடினார்.

அரைமணி நேரம் கழித்துக் குப்பைப் பையைக் கட்டும்போது பத்தொன்பதுதான் இருந்தது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரேவுக்கு ஓடினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. மறுநாள் மத்தியானம், சலவைக்குப் போகும் துணி வண்டியில் ஒரு பச்சை விரிப்பின் மடிப்புக்குள் அந்த இருபதாவது கிடைத்தது. நோயாளி நான்காம் நாள், இவ்வளவு அக்கறையாக எக்ஸ்ரே எல்லாம் எடுக்கிறார்களே என்று பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மிச்சம் ஒரே ஒரு கேள்வி. அந்த இருபதாவது துணி விரிப்புக்குள் போனது எண்ணுவதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் செவிலியர்மேல் தவறில்லை. முன்னால் என்றால், பத்தொன்பதைப் பார்த்து இருபது என்று சொல்லியிருக்கிறார். இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியவர் அவர்தான். அவருக்குத் தெரியவில்லை. எண்ணினேனா, அல்லது இருபது என்று சொன்னேனா? பல் தேய்க்கும்போது கேட்டுக்கொண்டார். துணி மடிக்கும்போது கேட்டுக்கொண்டார். அறுவை அரங்கம் இல்லாமல் தனக்கு வேறு என்ன தெரியும் என்றும் கேட்டுக்கொண்டார்.

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. கையைப் பிசைந்துகொண்டு உட்காருவதைவிட ஏதாவது பின்னலாம் என்று, அலமாரியில் கிடந்த வெள்ளைக் கம்பளி நூலை எடுத்தார். குழந்தைகள் வார்டுக்குக் குல்லாய் பின்னிப் பழகிய கை. இந்தத் தடவை இலை இலையாக ஓடும் லேஸ் சால்வை. ஏற்கனவே பதற்றத்தில் இருப்பவர் லேஸைத் தேர்ந்தெடுத்தது, தலைவலிக்காரர் மேளம் கற்றுக்கொள்ளப் போவது போலத்தான்.

லேஸ் என்பது வேண்டுமென்றே போட்ட ஓட்டைகளின் வரிசை. ஊசியில் நூலை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் ஓட்டை. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி; கூடிப்போன கண்ணிக்கு ஈடாகப் பக்கத்தில் இரண்டு கண்ணிகளை ஒன்றாகப் பின்ன வேண்டும். ஒரு சுற்று மறந்தால் ஒரு கண்ணி குறையும். ஒரு கண்ணி நழுவினால், அது ஓட்டை ஓட்டையாகக் கீழே இறங்கி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் பின்னுபவர்கள் ‘லைஃப்லைன்’ போடுவார்கள். சரியாக முடிந்த ஒரு வரிசையில், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்து விட்டுவிடுவது. மேலே என்ன விபரீதம் நடந்தாலும் அந்த நூல் வரைக்கும் தைரியமாகப் பிரிக்கலாம்; அதற்குக் கீழே ஒரு கண்ணியும் அசையாது. ரெண்டுதரம் அதைக் காவல் நூல் என்றார்.

காவலுக்குச் சிவப்புத் தையல் நூல். சாயம் வெள்ளையில் இறங்கிவிடுமோ என்று அதைக் கொதிக்கும் நீரில் போட்டுப் பார்த்தார், இரண்டுதரம். பன்னிரண்டு வரிசைக்கு ஒரு காவல் நூல் போதும் என்று மாதிரிப் புத்தகம் சொன்னது. இவர் ஆறு வரிசைக்கு ஒன்று போட்டார். மேலே புதிது போட்டதும் பழையதை உருவிவிடலாம் என்றும் புத்தகம் சொன்னது. இவர் ஒன்றையும் உருவவில்லை.

“சால்வை பின்றியா, கோடு போட்ட நோட்டுப் புத்தகம் பண்றியா?” என்றார் கணவர்.

அவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். நாள் முழுக்கத் தெருத்தெருவாக நடந்து, மாடிப்படிக்கு அடியிலும் குப்பைத் தொட்டிக்குப் பின்னாலும் குனிந்து எண்களைப் படித்து எழுதிக்கொண்டு வருகிறவர். வீட்டுக்கு வந்தால் காலண்டரைக்கூடப் பார்க்கப் பிடிக்காது. ஆனால் அறுவை அரங்கப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது: தனியாக எண்ணிய எண்ணை ரெண்டுதரம் நம்பமாட்டார். ஊசியில் நூற்று நாற்பத்தைந்து கண்ணி. காவல் நூல் கோப்பதற்கு முன் இரண்டு பேர் எண்ணியாக வேண்டும்.

“என்னங்க, இங்க வாங்க. நூத்தி நாப்பத்தஞ்சு. நீங்க எண்ணுங்க.”

கணவர் ஊசி நெடுக விரலை ஓட்டினார். “நூத்தி நாப்பத்தஞ்சு.”

“நெஜமா எண்ணினீங்களா?”

“விரலைப் பாத்தேல்ல?”

முதல் நான்கு காவல் நூலுக்கு அவர் உண்மையாகவே எண்ணினார். அதற்குப் பிறகு விரல் மட்டும் எண்ணியது.

பதினாறாவது காவல் நூல் தொண்ணூற்றாறாம் வரிசையில் விழுந்தது. அடுத்த வரிசையின் கோடியில் ஒரு கண்ணி குறைந்தது. கடைசி இலை பாதியில் நின்றுவிட்டது. பரவாயில்லை, காவல் நூல் எதற்கு இருக்கிறது? ஊசியை உருவினார், வரிசையைப் பிரித்தார், சிவப்பு நூலில் தொங்கிய கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றினார், எண்ணினார், நூற்று நாற்பத்தைந்து என்றார். பின்னினார். கோடியில் ஒன்று குறைந்தது.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு, வானொலியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னினார். கோடியில் ஒன்று குறைந்தது. அதற்கு மறுநாள் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னினார். குறைந்தது. அந்த ஒரு வரிசையை நான்கு நாளில் பதினோரு தடவை பின்னிப் பிரித்ததில் நூல் பூனை மென்றதுபோல் ஆகிவிட்டது. காவல் நூல் ஓடும் வரிசையிலேயே பிழை இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதை இரண்டு பேர் எண்ணியிருக்கிறார்கள்.

பிழை தன் கையில்தான் என்று முடிவு செய்தார். ஒரு வரிசையை ஒழுங்காக எண்ணத் தெரியாத கைக்கு அறுவை அரங்கில் என்ன வேலை?

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெரியக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஏன்டி, சாப்பிடறியா இல்லையா? குரலே இல்லையே.”

“சாப்பிடறேங்க்கா.”

“இத பாரு. நான் யோசிச்சிட்டேன். எண்ணும்போது இருபதும் இருந்துச்சு. அதுக்கப்புறம் விரிப்பைச் சுருட்டும்போது எவனோ சேத்துச் சுருட்டிட்டான். அவ்வளவுதான். நானும் அதையே சொல்றேன், நீயும் அதையே சொல்லு. அந்தாளு நல்லா இருக்கான். யாருக்கு என்ன நஷ்டம்? திங்கக்கிழமை ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கலாம்.”

“இருபதும் இருந்துச்சாக்கா?”

“நீதானே சொன்ன, இருபதுன்னு” என்றார் பெரியக்கா.

தொலைபேசியை வைத்துவிட்டு ரெண்டுதரம் நேரே கூடத்துக்கு வந்தார். கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்க எண்ணவே இல்லைல்ல?”

“எதை?”

“கண்ணியை. நான் சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னீங்க. கிளி மாதிரி.”

“பதினாறு தடவை எண்ணுன்னா கிளியும் ஓடிப்போயிடும். நானாவது வீட்லயே இருந்தேன்.”

“சிரிக்காதீங்க. நாலு நாளா உசிரு போகுது எனக்கு.”

கணவருக்குச் சுருக்கென்றது. செருப்பை ஓரமாகத் தள்ளினார். “சரி, தப்பு என்னுதுதான். ஆனா நீ மட்டும் சரியா எண்ணுறதா நெனப்பா? நம்பரை மொதல்லயே சொல்லிட்டு எண்ணச் சொன்னா எவன் எண்ணுவான்? எங்க வேலைல என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? போன மாச அளவைப் பாத்துட்டு மீட்டரைப் பாக்காத. பாத்தேன்னா மீட்டர்ல இருக்கறது தெரியாது, போன மாசந்தான் தெரியும். எட்டு, மூணு மாதிரியே இருக்கும்.” ஊசியைக் கையில் வாங்கினார். “நீ ஒரு காகிதத்துல எழுது. நான் ஒரு காகிதத்துல எழுதறேன். வாயைத் திறக்கக் கூடாது.”

கணவர் கதவோரம் வெளிச்சத்துக்குப் போய், மீட்டர் படிக்கும் அதே குனிவோடு குனிந்து எண்ணினார். எழுதி, மடித்து வைத்தார். பிறகு மனைவி எண்ணினார். எழுதினார். இரண்டையும் விரித்தார்கள். மனைவியின் காகிதத்தில் நூற்று நாற்பத்தைந்து; கணவருடையதில் நூற்று நாற்பத்துநான்கு.

“தப்பு” என்றார் ரெண்டுதரம்.

“யாருது?” என்றார் கணவர்.

ஊக்குகளை எடுத்து வந்து, பத்துக் கண்ணிக்கு ஒன்றாக மாட்டினார்கள். பதினாலு ஊக்கு. மிச்சத்தைக் கணவர் தொடவில்லை. மனைவியே தொட்டுச் சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அதற்கப்புறம் வெறும் ஊசி.

ரெண்டுதரம் ஊசிக்குக் கீழே வரிசை வரிசையாக விரலை ஓட்டிப் பார்த்தார். காவல் நூலுக்கு ஒரு வரிசை கீழேயே ஒரு சுற்று விட்டுப்போயிருந்தது. அந்தக் குறையைத்தான் சிவப்பு நூல் போட்டு, பதினோரு தடவை பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார்.

“இப்பக்கூட நான் எண்ணினேன்ங்க. ஒவ்வொண்ணா எண்ணினேன். ஏமாத்தல.”

“தெரியும்மா.”

“நூத்தி நாப்பத்தஞ்சு வரணும்னு பயம். வந்துடுச்சு.”

கணவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். காபி போடட்டுமா என்று கேட்டார்.

கதை சொல்பவனுக்கு வசதியாக, அவர் இப்போது கீழ்க் காவல் நூல் வரை பிரித்து, விட்டுப்போன சுற்றைப் போட்டு, நேர்மையாகப் பின்னியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஓரத்துக் கண்ணிகளுக்கு நடுவே கிடந்த நூலை ஊசியால் தூக்கி, முறுக்கி, நூற்று நாற்பத்தைந்தாவதாக ஒரு கள்ளக் கண்ணியை உண்டாக்கினார். மேலே பின்னிக்கொண்டு போனார். இலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். சால்வை விஷயத்தில் அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை.

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தண்ணீர்க் குடுவை, நான்கு தம்ளர். பெரியக்கா முதலில் பேசினார். எண்ணும்போது இருபதும் இருந்தன, பிறகுதான் எப்படியோ விரிப்போடு போயிருக்க வேண்டும். முப்பது வருடம் உழைத்தவருடைய குரல் அது, அறை நம்பியது.

தலைவர் ரெண்டுதரத்தின் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர். இந்த வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற நல்லெண்ணமும் அவருக்கு இருந்தது.

“அப்புறமா விழுந்திருக்கலாம், இல்லையா சிஸ்டர்? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, போதும்.”

“சார், எனக்குத் தெரியாது.”

“எண்ணினீங்க இல்ல?”

“எண்ணினேன் சார். ஆனா எதிர்ல பலகையில இருபதுன்னு எழுதியிருந்துச்சு. இருபது வரணும்னு எனக்கு முன்னாடியே தெரியும். பத்தொன்பது இருந்திருந்தாலும் எனக்கு இருபதுதான் வந்திருக்கும்.”

உறுப்பினர் ஒருவர் பேனாவை நிறுத்தினார். பெரியக்கா, “ஏய், என்னடி பேசற?” என்றார், அறையை மறந்து.

“அப்போ உங்க பெரியக்காவும் எண்ணலங்கறீங்களா?” என்றார் தலைவர்.

“அவங்களைப் பத்தி நான் எப்படி சார் சொல்றது? நம்பரை மொதல்ல சத்தமாச் சொன்னது நான். அதுக்கப்புறம் வேற நம்பரைச் சொல்றது யாருக்கும் கஷ்டம்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “சிஸ்டர், இது இப்போ பேச்சோட நிக்குது. எழுத்துல வந்துச்சுன்னா நீங்க தியேட்டர் பக்கம் திரும்பி வர முடியாது. ஊசி போடற அறையோ, சீட்டு எழுதற இடமோதான். யோசிச்சுச் சொல்லுங்க.”

ரெண்டுதரம் யோசித்தார். பிறகு ஒரு காகிதம் கேட்டார். இருபது துணிகள் இருந்தன என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும், எண்ணை முதலில் சொன்னது தானே என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.