நிக்காஹ்வுக்கு எத்தனை 'கே'

அன்று சூலியா தெரு அச்சகத்தில் ஐந்து பேர் இருந்தோம்: நான், என் வீட்டுக்காரர், என் மகளைக் கட்டப்போகும் மலாய்ப் பையன், அவனுடைய அம்மா, அச்சகக்காரச் சீனர்.

கல்யாணக் கார்டில் 'நிக்காஹ்' என்று ஆங்கில எழுத்தில் போட வேண்டும். தமிழ் முஸ்லிம் வழக்கப்படி இரண்டு 'கே' என்றார் என் வீட்டுக்காரர். ஒன்றுதான் சரி என்றார் சம்பந்தியம்மா. அதோடு நிற்காமல், தமிழ் முஸ்லிம்களை மலாய்க்காரர்கள் கூப்பிடும் 'மாமாக்' என்ற பேரையும் இழுத்தார்.

"மாமாக் ஆளுங்களுக்கு எதுலயும் ஒண்ணு கூடுதலா வேணும்லா!"

"உங்க மலாய்க்காரங்களுக்கு ஒரு எழுத்து கூட எழுதச் சோம்பல்," என்றார் இவர்.

பையன் தலைகுனிந்தான். ஆறாவதோடு படிப்பை விட்டவள் நான். சபையில் வாய் திறக்கவே பயப்படுவேன். ஆனால் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்து நின்றேன்.

"மாப்பிள்ளை வீட்டு விருந்து தனி, பொண்ணு வீட்டு விருந்து தனி. அப்போ கார்டும் தனித்தனியா அடிப்போம்லா, அக்கா. உங்க கார்டுல ஒரு 'கே', எங்க கார்டுல ரெண்டு."

"இந்த மாமாக் அம்மா கெட்டிக்காரிலா!" என்று சம்பந்தியம்மா சிரித்தார். இவரும் சிரித்துவிட்டார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. இரண்டு வகைக் கார்டு அடித்ததில் கூடிய செலவை அவர்கள் கட்டியிருப்பார்கள் என்று நாங்களும், நாங்கள் கட்டியிருப்போம் என்று அவர்களும் இருந்துவிட்டோம். அச்சகக்காரருக்கு இன்னும் பாக்கி இருபத்தைந்து வெள்ளி.