நாய் நோட்டில் தாய் என்ற கட்டம்

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதத் தெரியும், எழுதினது சரியா என்றுதான் தெரியாது. எங்கேயாவது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளிடம் ஒரு பெரிய நோட்டைக் கொடுத்து, "குட்டி பொறந்தா இதுல எழுதிடுங்கக்கா" என்றார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்பேன். அவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

பெரம்பலூரிலிருந்து குன்னம் போகிற வழியில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் அந்த ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. உள்ளே முழுக்க நாய்கள். பஸ் கண்டக்டர், "நாய் காலேஜெல்லாம் எறங்கு" என்றுதான் கூப்பிடுவார். நான் இறங்கும்போது ஒருவராவது என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதற்கு முன்னால் பத்து வருஷம் வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தேன், குத்தவைத்தே. உட்கார நாற்காலி கொடுத்த முதல் வேலை இதுதான். இந்த நாற்காலி போய்விடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே பெரிய கவலை. சின்னக் கவலைகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

சில குழந்தைகளுக்குத் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிற நோய் வருமாம், முதலில் படி ஏற முடியாமல் போகுமாம். அதற்கு மருந்து பார்க்க, அதே நோயுள்ள நாய் வேண்டும். அதனால் கரு கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும்போதே அதற்குள் ஒரு எழுத்தை மாற்றிவைப்பார்கள். அப்போதிருந்த டாக்டர் எனக்கு அப்படித்தான் சொன்னார். "ஒரு எழுத்து மாறுனா தசை கரைஞ்சிருமா சார்?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். அன்றிலிருந்து நோட்டில் ஒரு புள்ளி வைப்பதற்கு முன்னாலும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

மாற்றின எழுத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. அப்பன் பக்கம், ஆத்தா பக்கம் இரண்டிலிருந்தும் வந்தால்தான் நோய். முதலில் பிறந்ததெல்லாம் ஒரு பக்கக் குட்டிகள், துள்ளிக் குதித்தன. அடுத்த தலைமுறைதான் நோயோடு வரவேண்டும். கல்லங்குறிச்சிப் பெருமாள் முன்னால் போய் நின்றால் எதை வேண்டுவதென்றே தெரியாது. குட்டி நல்லபடியா பிறக்கட்டும் என்றால் என் வேலைக்கு விரோதம். நோயோடு பிறக்கட்டும் என்று எந்த வாயால் கேட்பது? "உங்களுக்குத் தெரியும், பாத்துச் செய்யுங்க சாமி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

அந்த முதல் கூட்டம் பிறந்தது இப்படி. வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு பெண் நாயிடமிருந்து முட்டை எடுத்தார்கள். விந்து வெளியூரிலிருந்து புகை கக்கும் டப்பாவில் வந்தது, இரண்டு வெவ்வேறு ஆண் நாய்களுடையது. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற ஊரில் பிறந்த எனக்கு அதுவரை புரிந்தது. ஆனால் கருவைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதை முட்டை கொடுத்தவளுக்குள் வைக்காமல், ஒரு அப்பனுடையதைச் சம்பந்தமே இல்லாத ஒரு செவலை நாய்க்கும், இன்னொரு அப்பனுடையதை ஒரு கருப்பிக்கும் வைத்தார்கள். வாடகைத் தாய் என்றார்கள். யார் யாருக்கு வாடகை கொடுத்தார்கள் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அறுபத்துச் சொச்சம் நாள் கழித்து செவலை மூன்று போட்டது, கருப்பி இரண்டு. நான்தான் பக்கத்தில் இருந்தேன். செவலை என் கைமேல் தலையை வைத்துக்கொண்டு முனகின முனகலில் எனக்கே இடுப்பு வலி வந்துவிட்டது. எல்லாம் முடிந்ததும் நோட்டைத் திறந்தேன். தகப்பன் என்று ஒரு கட்டம், தாய் என்று ஒரு கட்டம். யாரைக் கேட்க வேண்டும்? நானும் இரண்டு பெற்றவள். சுமந்தவள்தான் தாய். செவலையின் குட்டிகளுக்குச் செவலை, கருப்பியின் குட்டிகளுக்குக் கருப்பி என்று அழகாக எழுதினேன். வாழ்நாளில் சந்தேகமில்லாமல் நான் எழுதினது அது ஒன்றுதான்.

பழைய டாக்டர் வெளிநாடு போய்விட்டார். ஒரு வருஷத்துக்கு மேலே ஆகி, குட்டிகள் வளர்ந்து நின்றபோது, திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்து ஒரு லிஸ்ட் போட்டார். "அக்கா, செவலையோட பெரிய பயலையும் கருப்பியோட பொண்ணையும் சேக்கிறோம். பொண்ணு பருவத்துக்கு வந்திருக்கு. ரத்தம் பாத்து மூணு நாள்ல சினை ஊசி போட்டுடலாம்."

"சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. வயிறு வேறு வேறு. முட்டை ஒருத்தியுடையதுதானே?

மத்தியானம் மோட்டார் ரூம் பக்கம் ஒதுங்கி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். அரியலூரில் லோடுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, ஒரு சந்தேகம்."

"சொல்லு புள்ள. இங்க வரிசை நகரவே இல்ல. வெலாவாரியாவே சொல்லு."

சொன்னேன். கேட்டுவிட்டு, கல்யாண வீட்டில் முறை சொல்கிற அதே குரலில் சொன்னார்: "முட்டை ஒண்ணுன்னா ஆத்தா ஒண்ணு. ஆத்தா ஒண்ணுன்னா அண்ணன் தங்கச்சி. இதுல என்ன கேள்வி?"

போனில் அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு டிரைவரின் குரல் வந்தது. "அதெப்படிண்ணே? ஒரு கோழி முட்டைய இன்னொரு கோழிகிட்ட அடை வச்சா, குஞ்சு யாரு பின்னாடி போவும்? அடைகாத்தவ பின்னாடிதான?"

"பின்னாடி போறது வேறடா, முறை வேற."

"ஸ்பீக்கர்லயா போட்டு வச்சிருக்கீங்க?" என்றேன்.

"நீ செத்த சும்மா இரு. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல."

மூன்றாவதாக ஒரு கரகரத்த குரல்: "குலசாமி எதுன்னு கேளுப்பா. குலசாமி ஒண்ணா இருந்தா பங்காளி."

"நாய்க்கு ஏதுய்யா குலசாமி? எல்லாத்துக்கும் பைரவருதான்."

"அப்ப எல்லாம் பங்காளி. ஒலகத்துல எந்த நாய்க்கும் கல்யாணம் பண்ண முடியாது. முடிஞ்சிது சோலி."

ஒரே சிரிப்பு. நான் மட்டும் அழுகிற நிலையில் இருந்தேன். "மாமா, சொன்னா என் வேலை போயிரும். நோட்டுல எழுதுனது நானு."

"சொல்லலன்னா?"

"அண்ணன் தங்கச்சிய..."

அதற்குள் ஹாரன் சத்தம். "வரிசை நகருது, வச்சிடறேன். என்னவோ பாத்து செய்யி" என்றார். பெருமாளிடம் நான் சொன்னதைத்தான் அவர் என்னிடம் சொன்னார்.

முதல் நாள் டாக்டரம்மா ரத்தம் எடுக்க வந்தபோது, "இன்னைக்கு அஷ்டமிங்க" என்றேன். "நாய்க்குமா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். இரண்டாம் நாள், "பொண்ணு தும்முதுங்க, ஒடம்பு சரியில்ல போல" என்றேன். மூக்கை, காதை, வாயைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்காக்கா. நீங்கதான் ஒரு மாதிரி இருக்கீங்க" என்றார். மூன்றாம் நாள் பெண்ணை மேசைமேல் நிறுத்தி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அது வாலை ஆட்டிக்கொண்டு என் கழுத்தை நக்கியது. டாக்டரம்மா ஊசியை எடுத்தார்.

"டாக்டர், வேணாங்க. அதுங்க அண்ணன் தங்கச்சிங்க."

ஊசி அந்தரத்தில் நின்றது. "என்னக்கா சொல்றீங்க?"

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். முட்டை, தட்டு, செவலை, கருப்பி, கோழிக்குஞ்சு, குலசாமி வரைக்கும். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்து வந்தார்.

"தாய்ங்கற எடத்துல யார எழுதுனீங்க?"

"சுமந்தவளங்க."

"முட்டை குடுத்தவள?"

"அவளுக்குக் கட்டமே இல்லீங்களே."

அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத்தை அடையாளம் வைத்து நோட்டை மூடினார். பிறகு அந்தப் பயல், பெண், முட்டை கொடுத்த வெள்ளைப் புள்ளிக்காரி என்று மூன்று நாயிடமும் ரத்தம் எடுத்து மரபணு பார்க்க வெளியே அனுப்பினார். முடிவு வர எட்டு நாள் என்றார்கள். அந்த எட்டு நாளும் சாயங்காலம் கிளம்பும்போது என் தட்டு, டம்ளர், உள்ளே மட்டும் போடுகிற பழைய செருப்பு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். மறுநாள் வேலை இல்லை என்றால் அதை எடுக்க ஒருமுறை வரவேண்டியிருக்காது பாருங்கள். காலையில் மறுபடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருவேன். வாட்ச்மேன் மூன்றாம் நாள், "தெனமும் குடி மாறி வரியாம்மா?" என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். பையோடேயே போனேன்.

"அக்கா, ரெண்டுக்கும் ஒரே அம்மாதான். நீங்க சொல்லலன்னா ஊசி போட்டிருப்பேன். கூடப்பொறந்ததுங்களுக்குப் பொறக்கிற குட்டிக்கு நமக்குத் தெரியாத வேற நோயும் சேந்து வரும். எது நாங்க வச்சது, எது சொந்தத்துல வந்ததுன்னு பிரிக்கவே முடியாது. ரெண்டு வருஷ வேலை வீணாப் போயிருக்கும்."

"அப்ப என் வேலைங்க?"

"ஆபீஸ்ல கேட்டாங்க. தப்பு நோட்டுல, எழுதுனவங்க மேல இல்லன்னு சொல்லிட்டேன். மொதல்ல அந்தப் பைய கீழ வைங்க."

வைத்தேன். டம்ளர் உருண்டு மேசைக்கடியில் போனது. புது நோட்டில் முட்டை கொடுத்தவளுக்கு ஒன்று, சுமந்தவளுக்கு ஒன்று என்று தனித்தனிக் கட்டம். பெண்ணுக்கு, வேறு முட்டையில் வேறு வயிற்றில் பிறந்த மாப்பிள்ளை பார்த்தாயிற்று. "எந்தச் சொந்தமும் இல்லீங்களே?" என்று இரண்டு முறை கேட்டேன். "சுத்த அசல்" என்றார். எனக்குப் பாரம் இறங்கினது.

"மனுஷங்களுக்கும் இதேதாங்கா" என்றார் டாக்டரம்மா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "சொந்தத்துலயே கட்டும்போது மறைஞ்சிருக்கிற எழுத்து ரெண்டு பக்கமும் வந்து சேரும். ஆமா, நீங்க?"

"மாமன் மகன்தாங்க."

துடைக்கிற கை நின்றது. "புள்ளைங்க நல்லாருக்காங்கல்ல? அப்ப ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் வராது" என்றார் அவசரமாக.

"நல்லாருக்காங்க. பெரியவ மட்டும் மாடிப்படி ஏற அலுத்துக்குவா."

"அது எல்லாருக்கும் உள்ளதுதாங்கா."

நாற்காலி பத்திரம் என்ற சந்தோஷம் பஸ் ஏறும்வரைதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பெரியவளைக் கூப்பிட்டு, மொட்டை மாடியில் துணி எடுத்து வரச் சொன்னேன். கீழே நின்று அவள் காலையே பார்த்தேன். எடுத்து வந்தாள். மிளகாய் காய்கிறதா பார்த்து வா என்றேன். போனாள், வந்தாள். மூன்றாவது முறை ஏறச் சொன்னபோது பாதிப் படியில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"இப்ப மேல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. நீ சும்மா ஒரு தடவ ஏறு."