தினம் ஒரு தப்பு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குன்றத்தூர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நண்பர் இறங்கி வந்தார். கையில் பையன். பையன் கையில் என் வீட்டுச் செய்தித்தாள். நான் இன்னும் பிரிக்கவே இல்லை, அவன் இரண்டாம் பக்கத்தில் இருந்தான்.

"சார், இவன் ரெண்டாங்கிளாஸ். பெருக்கல், வகுத்தல் எல்லாம் போடறான். கிளாஸ்ல சும்மா உக்காந்துகிட்டு பக்கத்துப் பையனைக் கிள்றானாம். உங்களுக்கு ஹெட்மாஸ்டரைத் தெரியும். ஒரு சிபாரிசு லெட்டர் குடுத்தீங்கன்னா, டபுள் புரமோஷன் வாங்கி நேரா நாலாவதுல போட்டுடலாம்."

நியாயமான ஆசைதானே? எழுதித் தருகிறேன் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். மூடியைத் திறக்கும்போது கஸ்தூரி ஞாபகம் வந்தது. திருப்பி மூடிவிட்டேன்.

"நாலு நாள் டைம் குடுங்க" என்றேன். நண்பருக்கு முகம் வாடிவிட்டது. இந்த வாரப் பத்தி அவருக்காகத்தான். நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. சேரப்பணஞ்சேரியில் ரோட்டை விட்டு இறங்கி, ஒன்றரை மைல் வரப்பில் நடந்தால் எங்கள் ஊர். ஊருக்கு ஒரு அரசாங்கத் தொடக்கப் பள்ளி. ஒரே ஹால். ஒரே வாத்தியார். ஐந்து வகுப்பு. வடக்குச் சுவர் ஓரம் ஐந்தாம் வகுப்பு, அதில் அடியேன். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே பார்த்து இரண்டாம் வகுப்பு, அதில் கஸ்தூரி. ஏழு வயது. எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல், பாதி தின்ற சிலேட்டுக் குச்சி.

வாத்தியார் பெயர் தாமோதரன். பெரிய மனிதர் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இருபத்து மூன்று வயது. படப்பையிலிருந்து சைக்கிளில் வருவார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கோபமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அரை மணி நேரம் அதற்காக வருத்தப்படுகிற ஜாதி.

ஒரு நாள் எங்களுக்கு ஆள்-வேலைக் கணக்கு. எட்டு ஆள் பன்னிரண்டு நாளில் அறுக்கிற வயலை ஆறு ஆள் எத்தனை நாளில் அறுப்பார்கள்? என்னை எழுப்பிவிட்டார். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பதில் இல்லை. ஒன்பது என்று சொல்லிப் பார்த்தேன். அப்போது தெற்குப் பக்கத்திலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு குரல்.

"பதினாறு."

ஐந்தாம் வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு அந்தப் பெண்ணை எனக்கு எவ்வளவு பிடிக்காமல் போயிற்று என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் பின்னலைப் பிடித்து இழுத்தேன். அவள் அழவில்லை. "ஆள் கொறஞ்சா நாள் கூடத்தான ஆவும்?" என்று என்னையே கேட்டாள். எரிந்துகொண்டு வந்தது.

இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு வாத்தியார் என்ன செய்வார்? இரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். மீதி நேரம் முழுக்க விஷமம். தண்ணீர் எடுக்க அனுப்பினார். சின்னப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்டச் சொன்னார். ஒரு நாள் எங்கள் வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்தார். நாங்கள் சும்மா விடுவோமா? சாயந்திரத்துக்குள் அவளே திரும்பிப் போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள், வாத்தியார் நிஜமாகவே ஒரு தப்புச் செய்தார். எங்கள் போர்டில் பெருக்கல் ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டார். நாங்கள் பக்தியோடு காப்பி அடித்துக்கொண்டிருந்தோம். கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள். அன்று முழுக்க ஒரு விஷமம் இல்லை. மணி அடித்ததும் போய்ச் சொன்னாள், "சார், அது தப்பு சார்." வேறு வாத்தியாராக இருந்தால் காதைத் திருகியிருப்பார். இவர் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்... அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து தினம் ஒரு தப்பு. ஐந்தாம் வகுப்பு போர்டில் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக எழுதுவார். கஸ்தூரி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் வாயைத் திறக்கக் கூடாது. சரியான விடையைச் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கடைசி மணி அடித்ததும் அவள் எழுந்து வந்து போர்டில் திருத்துவாள், நாங்கள் எங்கள் நோட்டில் திருத்துவோம்.

இரண்டாம் வகுப்புப் பெண் திருத்த, ஐந்தாம் வகுப்பு அடித்து எழுதுவது! மானம் போயிற்று. ஒரு வாரம் பொறுத்தோம். அப்புறம் நாங்களும் போர்டை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தோம். எதையும் நம்பி எழுதுவதில்லை, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது. மருந்து அவளுக்கு. குணமானது எங்களுக்கு. வாத்தியார் இதை எதிர்பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படியே போயிருக்கும். இன்ஸ்பெக்டர் வந்தார்.

பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரி. வந்து நின்றது காலை பதினொரு மணிக்கு. நேராக எங்கள் போர்டுக்குப் போனார். ஒரு நிலம், நீளம் இருபத்து நாலு கஜம், அகலம் பதினைந்து கஜம், பரப்பு முந்நூற்று ஐம்பது சதுர கஜம் என்று வாத்தியாரின் அழகான கையெழுத்தில் இருந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"ட்ரெயினிங் முடிச்சவர்தானே நீங்க?"

வேண்டுமென்றே தப்பாக எழுதினேன் என்று சொன்னால் எந்த அதிகாரி நம்புவார்? கடைசியில் வாத்தியார் தெற்கே திரும்பினார்.

"கஸ்தூரி, சிலேட்டைத் திருப்பும்மா."

அவள் எழுந்து நின்றாள். சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மணி அடிக்கலையே சார்."

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வாத்தியாருக்கு வேறு வழியும் இல்லை. வெளியே போய், மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்தார்... பதினொரு மணிக்கு. ஒன்றாம் வகுப்பு மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. அந்த இரைச்சலுக்கு நடுவில் கஸ்தூரி நிதானமாகச் சிலேட்டைத் திருப்பினாள். முந்நூற்று அறுபது.

விஷயம் புரிந்ததும் இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவளை எங்கள் பாடப் புத்தகம் வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். கணக்குக் கொடுத்தார், போட்டாள். பார்வைக் குறிப்பில் எழுதினார்: இந்த மாணவியை உடனே ஐந்தாம் வகுப்பில் சேர்க்கவும். நல்ல மனிதர். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார்.

ஊரே பேசியது. அவள் அப்பா ஏகாம்பரம் மாமா டீக்கடையில் பெருமையாகச் சொன்னார்: "எம் பொண்ணு வர்ற ஏப்ரல்லயே படிப்ப முடிச்சுடுவா. மூணு வருசம் மிச்சம்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன், பொறாமையோடு.

மறுநாள் காலை அவள் அம்மா முனியம்மா அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நடவிலிருந்து நேராக வந்திருந்தார், முழங்கால் வரை சேறு. உள்ளே வரவில்லை. வாசல்படிக்கு வெளியே நின்றார்.

"சார், எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணா?"

"தப்பா? கெட்டிக்காரிம்மா. அதனாலதான் அஞ்சாவதுல போடறோம்."

"கெட்டிக்காரின்னா சீக்கிரமா தொரத்திடுவீங்களா?"

வாத்தியார் எழுந்து வாசல்படிக்கு வந்தார்.

"அஞ்சாவது முடிச்சா அப்பால எங்க சார் போவா? படப்பை ஸ்கூலுக்கு நாலு மைலு. பொட்டப் புள்ளய எவன் அனுப்புவான்? வூட்டுக்குத்தான் வருவா. கைக்கொழந்தய இடுப்புல வச்சிக்கினு ஆடு மேய்ப்பா. இப்ப ரெண்டாவதுல கீறா. அப்டியே வுட்டா இன்னும் மூணு வருசம் கீது அவளுக்கு. அத ஏன் சார் புடுங்கறீங்க?"

ஹாலில் ஐந்து வகுப்பும் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது.

"மூணு வருசத்துல இந்தப் பக்கம் ஒரு பஸ்ஸாவது வரும். இல்ல, இவ அப்பன் மனசாவது மாறும். எதுனா ஒண்ணு வரும் சார். இப்பவே முடிச்சுட்டா ஒண்ணும் வராது."

நான் சிரித்துக் கேலி செய்த பெண்ணுக்கு, பள்ளிக்கூடம் என்பது ஏப்ரலோடு தீர்ந்துபோகிற பொருள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு கவலை இல்லை. நான் பையன். நான்கு மைல் நடந்து படப்பைக்குப் போவேன், ஃபெயிலானாலும் மறுபடி போவேன்.

தாமோதரன் வாத்தியார் அன்று செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். மணி ஐந்து நிமிஷம் தாமதமானாலே பயப்படுகிற மனிதர், மேலதிகாரி உத்தரவுக்குப் பதில் எழுதினார்: மாணவி வயதில் சிறியவள், இரண்டாம் வகுப்பிலேயே தொடர்வது நல்லது என்பது என் கருத்து. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மறுபடியும் அதையே எழுதினார். ஏகாம்பரம் மாமா சண்டைக்கு வந்தார். "அப்ப கொழந்தய யாரு பாப்பாங்க?" என்றார். "அவனையும் இட்டுக்கினு வரட்டும்" என்றார் வாத்தியார். அன்றிலிருந்து கஸ்தூரி மடியில் தம்பியும், தம்பி கையில் அவள் சிலேட்டும்.

மூன்று வருஷம் ஒரு வாத்தியார் அவளுக்கு எப்படித் தீனி போட்டார்? நான் படப்பைக்குப் போய்விட்டேன். மீதியை வீட்டில் தினமும் சொன்னவள் என் தங்கை, கஸ்தூரியின் வகுப்புக்காரி. தப்புகள் போர்டை விட்டு வெளியே வந்துவிட்டனவாம். சொல்கிற கதைக்குள் ஒரு தப்பு, மாட்டி வைத்த வரைபடத்தில் ஒரு தப்பு, அன்றைய தேதியில் ஒரு தப்பு. நாலாம் வகுப்பில் ஆட்டமே தலைகீழானது. அவள் தப்பு வைப்பாள், வாத்தியார் கண்டுபிடிக்க வேண்டும். சைக்கிள் மிதித்தபடி யோசித்துக்கொண்டே படப்பைக்குப் போவாராம். சில நாள் காலையில் வந்து, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்வாராம்: "எனக்குத் தெரியல கஸ்தூரி. நீயே சொல்லு." இருபத்தைந்து வயதில், பிரம்பு கையில் இருக்கும்போது, இதைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? எனக்கு நாற்பது நெருங்குகிறது. இன்னும் வரவில்லை.

அவள் ஐந்தாவது முடிக்கிற வருஷம், தாம்பரத்திலிருந்து எங்கள் ஊர் முனை வரைக்கும் பஸ் வந்தது. பஸ் படப்பையில் நின்று வந்தது. முதல் நாள் முனியம்மா அக்காவே கூட நின்று மகளை ஏற்றிவிட்டார். ஏகாம்பரம் மாமா மனசு பஸ்ஸில் வரவில்லை. பின்னாலேயே நடந்து ஆறு மாசம் கழித்து வந்து சேர்ந்தது.

போன மாதம் மணிமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் கஸ்தூரி. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தயாராகி வருகிற சாமான்களை அளந்து பார்த்துக் குறை இருந்தால் ஒதுக்கித் தள்ளுகிற செக்‌ஷன். ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் தப்புக் கண்டுபிடிக்கிறாள், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

பாயசம் வரும்போது நான் அவள் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "அந்த இன்ஸ்பெக்டருக்குத் தோணல, வாத்தியாருக்குத் தோணல. எழுதப் படிக்கத் தெரியாத உங்கம்மா எப்படி ஒரு கணக்குப் போட்டாங்க பாரு" என்றேன்.

கஸ்தூரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணா, அது அம்மா போட்ட கணக்கு இல்ல. நான் போட்டது. அப்பா டீக்கடைலேர்ந்து வந்து மூணு வருசம் மிச்சம்னாரா... நான் வெரல் வுட்டு எண்ணிப் பாத்தேன். மிச்சம் இல்லயே, கொறச்சலாச்சேன்னு தோணுச்சு. அடுப்பாண்ட போயி அம்மாகிட்ட அழுதேன். எனக்கு அஞ்சாவது வேணாம்மா, ரெண்டாவதுலயே வுட சொல்லும்மான்னேன்."

நான் இலையைப் பார்த்தேன். மறுபடியும் அதே பெண், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்ன அதே பதினாறு.

"அப்போ உங்கம்மா..."

"கணக்கு போடறது இன்னாண்ணா, ரெண்டாங்கிளாஸ் பொண்ணு போட்டுடுச்சு. எங்கம்மா அதுவரைக்கும் அந்த ஸ்கூல் வாசல மிதிச்சதில்ல. அப்பாகிட்ட சொல்லாம, சேத்துக் காலோட வந்து, அத்தினி பேர் முன்னாடி வாத்தியாரக் கேட்டுச்சு பாரு... அது யாரால முடியும்?"

பாயசம் திகட்டுகிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். ஒரு பிள்ளை தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னது. ஒரு அம்மா அதைக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு வாத்தியார் அதற்காக மெமோ வாங்கினார். இதில் ஒருவர் சறுக்கியிருந்தாலும் அம்பத்தூர் தொழிற்சாலைக்கு அவள் கிடைத்திருக்க மாட்டாள்.

மாடி வீட்டு நண்பரே, சிபாரிசு லெட்டர் எழுதி வைத்துவிட்டேன்... உங்கள் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.