மாப்பிள்ளை இலையில் மிச்சம்

கல்யாணமான புதிதில் என் புருஷன் விண்வெளிக்குப் போகப் பார்த்தார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மேலூரில் என் சொந்தக்காரர்களே இன்றுவரை பாதிப் பேர் நம்பவில்லை.

அவர் விமானப்படையில் சோதனை விமானி. புதிதாகச் செய்த விமானத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, எங்கே உதறுகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று சொல்கிற வேலை. அம்மா ஊருக்குச் சொன்ன விதம் வேறு. "மாடு வாங்குறதுக்கு முன்னாடி ஏர்ல கட்டிப் பாப்போம்ல, அதேதான். எங்க மாப்பிள்ளை ஏரோப்பிளேனைக் கட்டிப் பாக்குறாரு."

விருந்துக்கு அம்மா வீட்டில் தங்கியிருந்தபோதுதான் தந்தி வந்தது, பெங்களூரில் மருத்துவச் சோதனைக்கு வரச் சொல்லி. என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போய்த்தான் விவரம் சொன்னார். ரஷ்யாக்காரர்களோடு நம் ஆள் ஒருவர் விண்வெளிக்குப் போகப்போகிறார், அதற்கு ஆள் பொறுக்குகிறார்கள். வானத்தில் தலைகீழாகப் பறக்கிற மனுஷன், யாராவது கேட்கிறார்களா என்று படிக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"வெளிய மூச்சு விடாத. அப்புறம், என் எடை கூடிறக் கூடாது. இப்பவே விளிம்புல நிக்கிறேன். கூடுனா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

இதை யாரிடம் போய்ச் சொல்வது? புது மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் கறிவிருந்து காத்திருந்தது. போதும் என்று இலையை மறித்தால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

வழியை அவரே கண்டுபிடித்தார். எங்களில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் புதுப்பெண்டாட்டி உட்காருவாள். அவளுக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்தால் பிரியம் என்று அர்த்தம். சித்தி வீட்டில் இவர் நாலு வாய் கொறித்துவிட்டு, கறியும் சோறும் குவிந்தபடியே விட்டு எழுந்தார். சித்தி கண்கலங்கிப் போனாள்.

"பொண்டாட்டி மேல எம்புட்டு ஆசை பாத்தியளா. ஒங்க சித்தப்பா ஒரு எலும்புகூட வச்சதில்ல."

நான் உட்கார்ந்து அத்தனையையும் தின்றேன்.

அடுத்த வீட்டுக்கு நாங்கள் போவதற்குள் சேதி போய்விட்டது. மாப்பிள்ளை எப்படியும் மிச்சம் வைப்பார், பெண்ணுக்கும் சேர்த்தே வையுங்கள் என்று இரட்டைப் பங்கு விழுந்தது. ஆனையூர்ப் பெரியம்மா வீட்டில் குடல்குழம்பும் தலைக்கறியும். அவர் கை கழுவப் போன இடத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்க்க, எனக்குப் புரையேறியது. யாரோ நினைக்கிறார்கள் என்று பெரியம்மா என் தலையில் தட்டினாள். நினைத்தவர் செம்பும் கையுமாக அங்கேதான் நின்றிருந்தார்.

எனக்கு ரவிக்கை ஒவ்வொன்றாகத் தையல் பிரிந்தது. அம்மா தனியாக அழைத்து, "ஏதும் விசேசமாடி?" என்றாள்.

"கறிதாம்மா."

அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒவ்வொரு கவளம் விழுங்கும்போதும் அவரைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுகிறேன் என்றே நினைத்தேன். மூச்சு முட்டியது, தலை கிறுகிறுத்தது, இன்னும் போடுங்கள் என்று கேட்கலாம் போலவும் இருந்தது.

பெங்களூரில் எடை சரியாகவே இருந்தது. அதன் பிறகும் சோதனை மேல் சோதனை. கடைசிச் சுற்றுவரை போனார். அதில் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு வந்து, "எடையில ஒரு குத்தமும் சொல்லலை, அது ஒன் சாமர்த்தியம்" என்றார். நான் சிரித்தேன், பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அந்த இன்னொருவர் மேலே போன அன்றும் நாங்கள் அம்மா வீட்டில்தான் இருந்தோம். ரேடியோவில் சேதி சொன்னதும் முதலில் கைதட்டியவர் இவர்தான். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். சோறு கேட்டார், மறுபடி கேட்டார், குழம்பை வழித்துத் தின்றார். கண் சிவந்திருந்தது. காரம் என்றார். எனக்காக எப்போதும் திறந்தே விட்டுப்போகும் இலையை அன்று மடித்துவிட்டு எழுந்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, என்னை உட்கார வைத்து, எனக்கு முன்னால் புது இலை போட்டார். ரேடியோ கேட்க வந்திருந்த, ஆம்பிளை பரிமாறிப் பார்த்திராத சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"இம்புட்டு நாள் எனக்காகத் தின்ன. இன்னைக்கு ஒனக்காகத் தின்னு."

நான் அழுதுகொண்டே, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.