ஆடி மாதத்தில் ஓடிய தண்ணீர்

கலியபெருமாள் இறந்த செய்தி எனக்குக் கருவூல அலுவலக வாசலில் கிடைத்தது. ஓய்வூதிய வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். "உனக்குச் சேதி வரலியா? நம்ம ஜே.இ. கலியபெருமாள் போன வாரம் போயிட்டாரு. தூக்கத்துலயே," என்றார். நான் உடனே, "கருமாதி எப்போ?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கு? அவருக்கா?" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது சரிதானா என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

உடலை அவர் சொல்லிவைத்தபடி மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். சடங்கு எதுவும் இல்லை. அவருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். "அவர் சொன்னத அவருக்குச் செஞ்சிட்டோம். என் மனசுக்கு நான் கோயில்ல ஒரு விளக்கு ஏத்தினேன். அதுக்கு அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றார் அந்த அம்மாள். உண்மைதான். வெள்ளிக்கிழமைகளில் மனைவியைச் சைக்கிளில் கோயிலுக்கு அழைத்துப்போய், செருப்புகளைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பவர் அவர்.

நம் ஓய்வு பெற்றோர் சங்க மலரில் அவரைப் பற்றி எழுதத் தகுந்தவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். நான் நாள் தவறாமல் நீறு பூசுகிறவன். அவரோ கடவுள் இல்லை என்று அழுத்தமாகச் சொன்னவர். ஆனால் துறையில் அவர் மேசையும் என் மேசையும் பல ஆண்டுகள் அடுத்தடுத்து இருந்தன. அவர் ஜூனியர் இன்ஜினியர், நான் தலைமை எழுத்தர். என் நினைவில் பிழை இருந்தால் அவரை அறிந்தவர்கள் திருத்த வேண்டும்.

அவர் என்னைக் கூப்பிட்டதே "சாமி" என்றுதான். அவர் வாயில் அந்தச் சொல் வந்தது எனக்காக மட்டுமே என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். "பேருலயே பெருமாள வச்சிக்கினு நாத்திகமாய்யா?" என்று யாராவது சீண்டினால், "பேரு எங்கப்பா வச்சது. புத்தி நான் வச்சிக்கினது," என்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் அவரை முதலில் கவனித்தது ஓர் ஆயுத பூஜையன்று. அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பது வழக்கம். தட்டச்சுப் பொறிக்கு, இரும்பு அலமாரிக்கு, ஜீப்புக்கு. அந்த ஆண்டு ஒரு பியூன் நிலம் அளக்கும் கருவியின் கண்ணாடியிலேயே பெரிய பொட்டாக வைத்துவிட்டான். கலியபெருமாள் அதன் வழியாகப் பார்த்துவிட்டு, "ஊரே மஞ்சளா தெரியுது," என்றார். பிறகு கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்தார். பொரியும் கடலையும் வந்தபோது வாங்கித் தின்றார். "இது மட்டும் ஆகுமா?" என்று நான் கேட்டுவிட்டேன். "பொரி என் வயித்துக்கு. சந்தனம் சர்க்காருக்கு. சர்க்காருக்கு ஏது நெத்தி, சாமி?" என்றார்.

இதை வைத்து அவர் சாமி படங்களைக் கண்டால் பிடுங்குகிறவர் என்று சிலர் நினைத்தார்கள். ஒருமுறை பகுத்தறிவு பேசும் அதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்தார். தட்டச்சு செய்யும் பெண் ஒருவர் தம் மேசை இழுப்பறைக்குள் சிறிய முருகன் படம் வைத்திருந்தார். காலையில் இழுப்பறையைத் திறந்து ஒரு கணம் கண்மூடிவிட்டு வேலை தொடங்குவார். அதிகாரி அதை எடுக்கச் சொன்னார். அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றபோது, எழுந்துபோய்ப் பேசியவர் கலியபெருமாள்தான். "சுவத்துல மாட்டினா நானே கழட்டச் சொல்லுவேன் சார். சுவரு எல்லாருக்கும் பொது. டிராயருக்குள்ள இருக்கறது அவங்க மனசு. அதத் திறந்து பாக்க நமக்கு என்னா வேல?" என்றார். படம் இழுப்பறையிலேயே இருந்தது. அதிகாரி அதற்குப் பிறகு அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனி, நான் எழுத வந்த செய்திக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுவில், வடக்கே கனகசெட்டிக்குளம் போகிற வழியில் ஒரு மீனவர் குப்பத்துக்கு எங்கள் துறை குடிநீர்த் தொட்டி கட்டியது. உயரமான தொட்டி, ஒரு பம்பு அறை, தெருவுக்கு ஒரு குழாய். வேலை கலியபெருமாளின் பொறுப்பில் நடந்தது. குப்பத்துக் கிணறுகளில் உப்பு ஏறியிருந்தது. அந்தக் கோடையில் அங்கே வாந்திபேதி பரவி, குழந்தைகள் சிலரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தொட்டி ஆனி மாதக் கடைசியில் தயாராகிவிட்டது. அதைத் திறந்துவைக்க வேண்டிய, அரசில் மேலிடத்தில் இருந்த பெரியவரின் வீட்டில், ஆடியில் புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது என்றார்கள். ஆவணியில் நல்ல நாள் பார்த்துத் திறப்பு விழா என்று கோப்பு இறங்கி வந்தது. அதில் கையெழுத்திட்ட எங்கள் பெரிய இன்ஜினியர் கெட்டவரல்லர். என்னைப் போலவே பயந்தவர்.

அன்று மாலை கடற்கரைச் சாலையில் நடந்தபோது நான் கலியபெருமாளைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். ஒரு மாதம்தானே, நாள் பார்ப்பது காலங்காலமாக உள்ள வழக்கம்தானே என்றேன். "நீ உன் வூட்டுல நாள் பாத்தா உன் வூட்டுச் சோறுதான் ஆறும். சர்க்கார் நாள் பாத்தா குப்பத்துப் புள்ளைங்களுக்கு பேதி புடிக்கும். வால்வு யார் கையில இருக்குதுன்னு பாக்கணும் சாமி," என்றார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இப்படி இருந்திருக்காது என்று நான் சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. "அப்பவும் பாதிரியார் வந்து தண்ணி தெளிச்சாத்தான் கதவு திறக்கும். நான்தான் பாத்தேனே," என்றார்.

மறுநாள் அவர் குப்பத்துக்குப் போனபோது, ஏதோ கணக்குச் சரிபார்க்க என்னையும் அழைத்துப் போனார். அங்கே அஞ்சலாட்சி என்ற மீன்காரம்மாள் எங்களை மறித்துக்கொண்டார். கூடை சுமந்து நகரத்துக்கு வந்து மீன் விற்கிறவர். குப்பத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. "தொட்டி கட்டி என்னா, தண்ணி எங்க தம்பி?" என்றார். ஆடி முடிய வேண்டும் என்று கலியபெருமாள் சொன்னார்.

"ஆடி ஆவாதுன்னு எவன் சொன்னான்? எங்க ஆத்தாளுக்கு ஆடியிலதான் கூழு ஊத்துறோம். அவளுக்கு ஆன மாசம் உங்க குழாய்க்கு ஆவாதா?"

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. கூழ் காய்ச்சுவதற்கே நல்ல தண்ணீரைத் தொலைவிலிருந்து தூக்கிவர வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் கலியபெருமாள் ஒருமுறை தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சர்க்கார் கும்பிட ஆரம்பிச்சா எல்லார் சாமியையும் கும்பிடாது. மேல உக்காந்திருக்கறவர் வூட்டு சாமியத்தான் கும்பிடும். அந்தம்மா சாமிகூட அதுல சேத்தி இல்ல பாரு," என்றார். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்துக்கு வந்ததும் என்னிடம், "புதுக் குழாயக் கழுவி, தண்ணி ஓட்டிச் சோதிக்கணும்னு விதி இருக்குதே, எத்தன நாளுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். நான் பிற்பகல் முழுதும் கையேட்டைப் புரட்டினேன். "திருப்தி ஏற்படும் வரை" என்று மட்டும்தான் இருந்தது. படித்துக் காட்டினேன். "எனக்கு அவ்வளவு லேசுல திருப்தி வராது சாமி," என்றார்.

பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய முதல் தண்ணீரை மணலில் விட்டார். வாடை போனபிறகு காலையிலும் மாலையிலும் எல்லாக் குழாய்களையும் திறந்து சோதித்தார். சோதிக்கிற தண்ணீர் மண்ணில் போவதைவிடக் குடத்தில் போகட்டும் என்று பம்பு ஓட்டுபவரிடம் சொல்லிவிட்டார். ஆடி முழுதும் சோதனை நடந்தது. பெரிய இன்ஜினியர் இரண்டொரு முறை, "இன்னுமா திருப்தி வரல?" என்று கேட்டார். "ஒரு மூட்டுல லேசா கசியற மாதிரி இருக்குது சார்," என்பார் இவர். குப்பத்தில் புதிதாக யாருக்கும் பேதி வரவில்லை.

கூழ் ஊற்றும் நாளில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். போனபோது பம்பு அறைக் கதவில் பெண்கள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டியிருந்தார்கள். குப்பத்தின் தென்கோடியில் மாதா கோயிலுக்குப் போகும் சில குடும்பங்கள் உண்டு. அறையை ஒட்டிய குழாய்க்குக் குடங்களோடு வந்த அந்த வீட்டுப் பெண்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். கூட்டத்துக்காக ஒதுங்கி நின்றார்கள் என்றுதான் நான் நினைத்தேன். கதவைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள் என்று கலியபெருமாள் நினைத்தார். ஒரு துணியை நனைத்து வந்து கதவைத் துடைக்கத் தொடங்கினார்.

"என்னா தம்பி பண்ற?" என்றார் அஞ்சலாட்சி.

"தொடைக்கிறேன் அக்கா."

"நாங்க வச்சது உனக்கு முள்ளா குத்துதா?"

"எனக்குக் குத்தல. இது என் வூடும் இல்ல, உன் வூடும் இல்ல. உன் கொடத்துல வையி, தவலையில வையி, நான் கிட்ட வரமாட்டேன். இந்தக் கதவு மட்டும் சும்மா இருக்கட்டும். எல்லாரும் வந்து போற எடம்."

"தண்ணி குடுத்த கையாலயே இதச் செய்யிறியே, வெளங்குவியா நீ?"

"கூழு உண்டா இல்லியா, அதச் சொல்லு."

"கையக் கழுவிக்கினு வந்து தொல," என்றார் அஞ்சலாட்சி. இரண்டு சொம்பு ஊற்றினார். ஊற்றும்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஆவணியில் நல்ல நேரத்தில் விழா நடந்தது. பெரியவர் வால்வைத் திருப்பினார், தண்ணீர் கொட்டியது, நாதஸ்வரம் ஒலித்தது. பின்வரிசையில் நின்ற மீன்காரப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். யாரோ மேலே சொல்லிவிட்டார்கள். தண்ணீரை முன்பே விட்டதற்கு அவர்மேல் குற்றம் சாட்டுவது கடினம், சோதனைக்கு விதி இருந்தது. ஆனால் நகரத்திலிருந்து ஒருவர் புகார் கொடுத்தார். அரசு ஊழியர் குங்குமத்தை அழித்து மக்களின் மத உணர்வைப் புண்படுத்தினார் என்பது புகார். வேலையே போய்விடக்கூடும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். கலியபெருமாளின் மனைவிக்கு இழுப்பு நோய். இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணையில் வாக்குமூலம் எழுதியவன் நான். அஞ்சலாட்சியை வரவழைத்திருந்தார்கள். மீன்கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்தார். குங்குமத்தைத் துடைத்தது உண்மையா என்று கேட்டார்கள். "தொடைச்சாரு," என்றார். மனம் புண்பட்டதா என்று கேட்டார்கள்.

"பட்டுச்சி. வஞ்சேன். வாங்கிக்கினாரு. அத்தோட ஆச்சி. அது எனக்கும் அவருக்கும் உள்ள சண்ட. நடுவுல சர்க்காருக்கு என்னா வந்துச்சி?"

கடைசி வாக்கியம் தேவையில்லை என்றார் பெரிய இன்ஜினியர். நான் எழுதிவிட்டேன், அடித்தால் அடித்த இடத்தில் தாங்கள் கையொப்பமிட வேண்டியிருக்கும் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். அப்படியே இருக்கட்டும் என்றார். அஞ்சலாட்சி அதன்கீழ் கைநாட்டு வைத்தார்.

வேலை போகவில்லை. தெலுங்கு பேசும் தொலைதூர ஏனாமுக்கு மாற்றல் வந்தது. நம் ஊரில் வேண்டாதவரைத் தூரப்போடும் இடம் அது என்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். பேருந்து நிலையத்தில் நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். "அந்தம்மா என்ன வஞ்சது நியாயம் சாமி. கேட்டுட்டுத் தொடைச்சிருக்கணும். ஆடி மாசத்துக்கு யாரையும் கேக்கலன்னு கோவப்பட்டேன், கதவுக்கு நானும் யாரையும் கேக்கல," என்றார். அவர் தம் தவற்றை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அப்போதுதான். துடைத்தது தவறு என்று அவர் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுவதுதான் நேர்மை.

அடுத்த ஆண்டு, அவர் ஏனாமில் இருந்தபோது, வேறொரு கிராமத்துக் குடிநீர்க் குழாய்க்கான கோப்பு என் மேசைக்கு வந்தது. "ஆடி கழிந்து திறக்கலாம்" என்று குறிப்பு இருந்தது. நான் அதை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கீழே பென்சிலால், "இது குறித்து அவ்வூராரைக் கேட்டோமா?" என்று எழுதி அனுப்பினேன். "பேசவும்" என்ற பெரிய இன்ஜினியரின் குறிப்போடு திரும்பி வந்தது. போனேன்.

"உமக்குமா அந்தக் காத்து அடிச்சிருச்சி?" என்றார் பெரிய இன்ஜினியர்.

"நான் கோயிலுக்குப் போறவன்தான் சார். அந்த ஊர்ல யாரையும் கேக்கலையேன்னுதான்," என்றேன்.

அவர் ஆள் அனுப்பிக் கேட்கச் சொன்னார். நாளைக்கே திறந்தாலும் சரி என்று பதில் வந்தது. விழா இல்லாமல், ஆடியிலேயே தண்ணீர் விட்டார்கள். என் குறிப்பினால்தான் அது நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிய இன்ஜினியருக்கும் மனத்தில் ஏதோ இருந்திருக்கலாம்.

கலியபெருமாளின் கொள்கை என்னிடம் ஒட்டவில்லை. இன்றும் காலையில் நீறு பூசிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊருக்குப் பொதுவான ஒன்றை யாரோ ஒருவருடைய வழக்கப்படி முடிவு செய்கிறபோது, யாரைக் கேட்டீர்கள் என்று கேட்கிற பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. தாழ்ந்த குரலில்தான் கேட்கிறேன். சில இடங்களில் காதில் விழாததுபோல் இருந்துவிடுகிறார்கள். அப்போது இன்னொரு முறை கேட்கிறேன்.