டேவிட்சனுக்குப் பிடித்த இங்கிலீஷ் வார்த்தை

டேவிட்சனுக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ்தான் வரும். மற்ற நேரமெல்லாம் சுத்தமான திருநெல்வேலித் தமிழ். செகந்திராபாத்தில் தலை நரைத்தும் அது மாறவில்லை. "அப்பாவுக்கு இங்கிலீஷ் வந்துட்டு, சும்மா இரிங்க" என்று மனைவி ஞானசௌந்தரி பிள்ளைகளை அடக்குவாள்.

சனத்நகர் கம்பெனி ஒன்றில் எச்சரிக்கை மெமோ எழுதுவது அவர் வேலை. 'ரிப்பர்கஷன்ஸ்' இல்லாமல் ஒரு மெமோவும் முடியாது. விளைவுகள் என்று சாதாரணமாக எழுதினால் மனுஷருக்குக் கெத்து குறைந்துவிடுமாம். டீ நேரத்தில் பக்கத்து சீட் நூர் முகமதுவைப் பிடித்துவைத்து, அது லத்தீனிலிருந்து வந்தது, அடித்த அடி திரும்பி வந்து அடிப்பதுதான் அதற்கு அர்த்தம், சுவரில் எறிந்த பந்து மாதிரி என்று விளக்குவார். "ஹவ் சாப்", ஆமாம் சார், என்று அவரும் பாவம், எத்தனை தடவைதான் தலையாட்டுவார்.

தெலுங்குப் பையன் ராகேஷைத்தான் கட்டுவேன் என்று மகள் அபிகாயில் நின்றபோதும் அதே வார்த்தைதான் வந்தது. அவள் கட்டிக்கொண்டு ஜீடிமெட்லா பக்கம் போய்விட்டாள். இவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

பிறகு ஞானசௌந்தரி போய்ச் சேர்ந்தாள். அடக்க ஆராதனையில் இறந்தவரின் ஜீவிய சரித்திரம் வாசிப்பது சபை வழக்கம். சபையில் யார் செத்தாலும் எழுதித் தருபவர் டேவிட்சன்தான். பெண்டாட்டிக்கும் அவரே எழுதினார். கணவரையும் அன்பு மகன் ஜோசியாவையும் விட்டுச் சென்றிருக்கிறார், அவ்வளவுதான். மகள் என்று ஒருத்தி அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லறைவரைக்கும்கூட வராமல் போய்விட்டாள். என்ன மனுஷனய்யா இவர்.

அன்றிலிருந்து அவருக்கும் நிம்மதி இல்லை. போய் மன்னிப்புக் கேட்டு மகளை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் போகலாம் என்றார், அப்புறம் ஈஸ்டருக்கு என்றார். அதற்குள் அபிகாயிலை டெங்கு கொண்டுபோய்விட்டது.

ஜீடிமெட்லா சர்ச்சில் அவள் அடக்க ஆராதனைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜீவிய சரித்திரத்தை ராகேஷ் தெலுங்கில் வாசித்தான். செகந்திராபாத்தில் பிறந்தாள், தாய் ஞானசௌந்தரி, அண்ணன் ஜோசியா என்று போயிற்று. தன் பெயர் இப்போது வரும், இப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ராகேஷ் பேப்பரை மடித்துவிட்டான்.

பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்ததும் அவன் கையைப் பிடித்தார். "எம் பேரை விட்டுட்டீங்களே."

"அவதான் ஆஸ்பத்திரியில விடச் சொன்னா, அங்கிள்." ராகேஷ் அழுதுகொண்டே சொன்னான். "அப்பா கேட்டா என்ன சொல்லன்னு கேட்டேன். அப்பாவுக்கே தெரியும், அதுக்கு ஒரு வார்த்தை வச்சிருக்கார்னு சொன்னா."

வார்த்தை தெரியும். அதன் லத்தீனும் தெரியும். ஆனால் அன்றைக்கு டேவிட்சன் வாயில் ஒரு சொட்டு இங்கிலீஷ் வரவில்லை. "ஏ புள்ள, ஏ புள்ள" என்று அந்தப் பெட்டியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார்.